பழவேற்காட்டுப் பறவை வகுப்பு: பிள்ளைகளை அனுப்பலாமா?

பழவேற்காட்டில் ஏரிக்கரையை ஒட்டி, கார்த்திகை முதல் மாசி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்காக நடக்கும் பறவை ஓவிய வகுப்பைப் பற்றிக் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா பக்கத்துப் பெற்றோர் பலர் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். என் மகள் சென்ற பருவம் முழுவதும் அங்கே போய்வந்தாள். பெற்றோர் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதற்குத் தடை எதுவும் இல்லாததால், பெரும்பாலான வகுப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். பெயர்ப்பலகை கிடையாது, ஓவியம் படித்த இளைஞர்கள் சிலரும், ஏரியில் தொழில் செய்து ஓய்ந்த மீனவர்களும், பனையோலை முடையும் பெண்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஊரில் யாரிடம் ‘பறவை வகுப்பு’ என்று கேட்டாலும் வழிகாட்டுவார்கள். பிள்ளை ஓவியப் போட்டிகளில் பரிசு வாங்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பறவையை நின்று நிதானமாகப் பார்க்கப் பழக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, இந்தத் தமிழக–ஆந்திர எல்லைப் பக்கத்தில் இதைவிடத் தகுந்த ஏற்பாட்டை நான் கண்டதில்லை. அதே சமயம், குறைகளும் சில உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதல் சில வாரங்களில் வண்ணப்பெட்டியைத் திறக்கவே விடுவதில்லை. காலை வெயில் தண்ணீரின் மேல் எதிரடிக்கும் வேளையில் பறவைகள் கருநிழலாகத்தான் தெரியும். அந்த நிழலுருவை மட்டும் கரித்துண்டால் வரையச் சொல்கிறார்கள். அதிலும் உடம்பை வரைவதற்கு முன் மூக்கையும் காலையும் வரைய வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. சேற்றுக் கரையில் குளிர்காலத்தில் இறங்கும் பறவைகளில் பெரும்பாலானவை சாம்பலும் பழுப்புமாக ஒன்றுபோலவே இருக்கும். நிறத்தை நம்பினால் பெரியவர்களே தடுமாறுவார்கள். மூக்கு அப்படி ஏமாற்றாது. கருவால் மூக்கனுக்கு அது நேராக நீண்டிருக்கும், கோட்டானுக்குக் கீழ்நோக்கி வளைந்திருக்கும் (ஆந்தையைச் சொல்லவில்லை, கரையோரப் பறவை ஒன்றுக்கும் அதே பெயர்), கோணமூக்கு உள்ளானுக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும், நத்தைகுத்தி நாரையின் அலகுகளுக்கு நடுவே இடைவெளி தெரியும், கரண்டிவாயனுக்குப் பெயரே போதும். இந்த ஐந்தையும் ஒரே தாளில் வரிசையாக வரைந்து முடித்த பிள்ளை, அடுத்த முறை கரைக்கு வந்தபோது யாரும் சொல்லித்தராமலே அவற்றைப் பிரித்தறிந்ததைப் பார்த்தேன்.

வரைந்ததோடு விட்டுவிடுவதில்லை என்பதுதான் இந்த வகுப்பின் சிறப்பு. வெவ்வேறு நீளத்துக்கு நறுக்கிய குச்சிகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து ஈரச்சேற்றில் குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். கொசு உள்ளானின் மூக்கு 2 செ.மீ. அளவே இருக்கும், கோட்டானின் மூக்கு 10 செ.மீ.க்கும் மேலே போகும். குட்டைக் குச்சி எட்டும் ஆழத்தில் கிடைக்கும் புழு வேறு, நெட்டைக் குச்சி எட்டும் ஆழத்தில் கிடைப்பது வேறு என்று தோண்டிப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். அத்தனை பறவைகள் ஒரே சேற்றில் சண்டையில்லாமல் மேய்வது எப்படி என்ற கேள்விக்கு, ஆசிரியர் வாயைத் திறப்பதற்கு முன்பே பிள்ளைகளிடமிருந்து விடை வந்துவிட்டது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் ‘தகவமைப்பு’ என்று ஒரு பத்தியில் கடந்துபோகும் விஷயத்துக்கு இங்கே ஒரு காலைப்பொழுது முழுவதையும் ஒதுக்குகிறார்கள்.

பூநாரைக்குத்தான் எல்லாரும் வருகிறார்கள். அதைக் கடைசிக்கு வைத்திருப்பது நல்ல யோசனை. மற்றப் பறவைகளைப் பார்த்துப் பழகிய கண்ணோடு பூநாரையைப் பார்க்கும்போது, மிட்டாய் உறையில் அச்சடித்தாற்போன்ற பளிச்சென்ற இளஞ்சிவப்பு அதன் உடம்பில் இல்லை என்பது பிள்ளைகளுக்கே தெரிகிறது. பெரிய பூநாரை ஏறக்குறைய வெண்மையானது. காலும் மூக்கும் இளஞ்சிவப்பு. இறக்கையை விரிக்கும்போதுதான் உள்ளே இருக்கும் சிவப்பும் கருப்பும் தெரியும். இளம் பறவைகள் சாம்பல் நிறத்தில் இருக்கும். அவை முழு நிறம் பெறச் சில ஆண்டுகள் ஆகும். அந்த நிறமும் பறவை தானாக உண்டாக்கிக்கொள்வதன்று. தின்னும் பாசியிலும் சிறு கூனி வகைகளிலும் உள்ள நிறமிகள் இறகில் சேர்வதால் வருவது. தலையைக் கவிழ்த்து, மூக்கைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சி வெளியே தள்ளி, இரையை மட்டும் வடிகட்டிக்கொள்ளும் அதன் உணவு முறையைப் பிள்ளைகள் நான்கைந்து சிறு படங்களாகத் தொடர்ந்து வரைந்தார்கள். என் மகளின் நோட்டில் அந்தப் பக்கம்தான் மிகவும் அழுக்கானது, மிகவும் நன்றாக வந்ததும் அதுவே.

இனி மீனவப் பெரியவர்களின் பாடத்துக்கு வருகிறேன். ஓவியத்தை வேறு எங்கேயும் கற்றுக்கொள்ள முடியும். இதைக் கற்க முடியாது. பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடிதான் நம் பக்கம். சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்பதால், தண்ணீர் சற்று ஏறினாலும் இறங்கினாலும் பெரும் பரப்பு மூழ்கும் அல்லது சேறாக வெளிப்படும். ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் வருகிறது. இந்த இரண்டின் ஏற்ற இறக்கம்தான் இங்கே பருவம். அதைப் பெரியவர் ஒருவர் நாட்காட்டியைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனார். வாடைக்காற்று நிலைத்து ஏரி நிரம்பியிருக்கும் காலத்தில் எந்தப் பறவை எந்தப் பக்கம் ஒதுங்கும், தை பிறந்து தண்ணீர் வடிய வடிய எந்தத் திட்டு முதலில் தலைகாட்டும், முகத்துவாரம் மணல் மூடி அடைபட்ட ஆண்டுகளில் மீன் வரத்துக்கும் பறவை வரத்துக்கும் என்ன ஆயிற்று என்று அவர் அடுக்கியதையெல்லாம் பிள்ளைகள் ஏரியின் வரைபடமாக வரைந்துகொண்டார்கள். ஊர்ப்பெயர்களுக்குப் பதிலாக அதில் பறவைகள், முறைவைத்து மீன்பிடிக்கும் ‘பாடு’ இடங்கள் கோடுகளாக, நடுவே மணல்திட்டுகள்.

“பூநாரை முட்டி தெரிய நிக்குதுன்னா அந்தப் பக்கம் படகு விடாதம்மா, தரை தட்டும். நாங்க அத வெச்சுத்தான் ஆழம் பாக்கிறது” என்று அவர் ஒரு சிறுமியிடம் சொன்னார். உடனே அவள், “தாத்தா, அது நீந்தாதா?” என்று கேட்டாள். “நீந்தும் கண்ணு. நீந்தும்போது காலு தெரியாதுல்ல, அப்போ அதையும் நம்பாத” என்றார். பறவையைப் பற்றிய அறிவும் தொழிலைப் பற்றிய அறிவும் இவர்களிடம் தனித்தனியாக இல்லை. ஆலாக்கள் ஓரிடத்தில் திரும்பத் திரும்பப் பாய்ந்தால் சிறு மீன் மேலெழும்பியிருக்கிறது என்பதும், நீர்க்காகங்கள் கூட்டமாக முங்கினால் மீன் எந்தத் திசையில் ஒதுங்குகிறது என்பதும் அவர்களுக்குப் பிழைப்பின் பகுதி.

நடத்துபவர்களிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று, ஊர் அறிவைப் பூப்போட்டுக் கும்பிடாமல், தேவைப்படும் இடத்தில் திருத்தவும் செய்கிறார்கள் என்பது. வெளிநாட்டுப் பறவைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகின்றன என்ற நம்பிக்கை இங்கே கரையிலும் உண்டு, படித்தவர்களிடமும் உண்டு. ஆண்டுதோறும் ஏதாவது ஒரு செய்தியில் அது தலைகாட்டாமல் இருப்பதில்லை. வகுப்பில் ஓர் உலகப்படத்தை விரித்து, வரித்தலை வாத்து திபெத், மங்கோலியா ஆகிய மேட்டுநிலங்களின் ஏரிகளிலிருந்து இமயமலையைத் தாண்டி வருவதையும், ஊசிவால் வாத்து வட ஆசியாவிலிருந்து இறங்குவதையும், பூநாரை குஜராத்தின் கட்ச் உப்புவெளியில் கூட்டமாகக் கூடுகட்டும் பறவை என்பதையும் நூல் கட்டிக் காட்டினார்கள். நூல்கள் அனைத்தும் வடக்கே போயின. அந்தப் பெரியவரும் படத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, “அப்ப வாடையோட வர்றதுன்னு எங்கப்பா சொன்னது சரிதான்” என்றார்.

வருகிற பறவைகள் எல்லாமே தொலைதூர விருந்தினர் அல்ல என்பதையும் வட்ட வடிவமான ஒரு மாதச் சக்கரத்தின் மூலம் சொல்லித்தருகிறார்கள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நம் ஊர்ப் பறவைகள். மழைக்குப் பிறகு நெல்லூர்ப் பக்கத்து நேலப்பட்டிலும் தெற்கே வேடந்தாங்கலிலும் கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பவை. நேலப்பட்டில் கூடுகட்டிய பறவைகள் இரைதேடி இந்த ஏரிக்கு வருகின்றன. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைச் சுடவிடாமல் காத்து, 1798-இல் அன்றைய செங்கல்பட்டு ஆட்சியரிடமிருந்து அதற்கான ஆணையையே பெற்றுவிட்டார்கள் என்ற செய்தி பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்த உழவர்களின் கணக்கு அது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். மூன்றாவது வகை, ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பவை: கொக்கு, மீன்கொத்தி, செம்பருந்து. சக்கரத்தில் முதல் வகைக்கு நீலம், இரண்டாவதற்குப் பச்சை, மூன்றாவதற்குக் காவி. வண்ணப்பெட்டியை முதன்முதலாகத் திறந்தது இதற்காகத்தான்.

பனையோலைப் பாடம் தனியே சொல்லத்தக்கது. பழவேற்காட்டு இஸ்லாமியப் பெண்களின் ஓலைக் கைவேலை பெயர் பெற்றது; கூடை, பெட்டி, கிலுகிலுப்பை என்று சாயமேற்றிய ஓலையில் முடைவார்கள். அவர்களில் ஒருவர் வந்து, குருத்தோலையை ஈரப்படுத்தி மடித்துப் பூநாரையின் கழுத்தைச் செய்துகாட்டினார். தாளில் எளிதாக இழுத்துவிடும் வளைவை ஓலையில் கொண்டுவர, கழுத்து எங்கே திரும்புகிறது என்று மீண்டும் கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள் பிள்ளைகள். அதோடு முடிந்திருந்தால் அது ஒரு கைவினை வகுப்பு. அந்தப் பெண்மணி, ஓலை வெட்டும் இடத்தில் தாம் பார்த்ததையும் சொன்னார்: பனை உழவாரன் ஓலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைப்பது, தூக்கணாங்குருவி ஓலையின் ஓரத்தைக் கடித்து நீளமான நாராகக் கிழித்துக்கொண்டு பறப்பது. “நாங்க கிழிக்கிறத விட அது சன்னமா கிழிக்கும்” என்றார். பிறகு அவர் கொண்டுவந்திருந்த பழைய தூக்கணாங்குருவிக் கூட்டை வைத்து, எந்த இடத்தில் முடிச்சு, எந்த இடத்தில் பின்னல் என்று பிரித்துப் பார்த்தார்கள். பருவம் முழுவதிலும் மிகச் சிறந்த வகுப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

காளஹஸ்திக் கலம்காரி ஓவியரை வரவழைத்த வகுப்பை அப்படிச் சொல்ல முடியவில்லை. மூங்கில் குச்சியில் துணி சுற்றிய எழுதுகோலும், வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறவைத்துச் செய்த கருமையும், கடுக்காய்ப்பாலில் தோய்த்த துணியும் பிள்ளைகளுக்கு வியப்பாக இருந்தன, அது இயல்பு. ஆனால் அங்கே வரையக் கொடுத்தது அன்னமும் கிளியும். ஏரியைப் பார்த்துப் பார்த்து மூக்கின் அளவு பிடிபட்டிருந்த பிள்ளைகள், அன்று அலங்காரக் கொண்டையும் சுருள்வாலும் போடத் தொடங்கி, அடுத்த வாரம் கோட்டானுக்கும் கொண்டை வைத்தார்கள். அதே எழுதுகோலால் ஏரிப் பறவையை வரையச் சொல்லியிருக்கலாம்.

கூழைக்கடாவைப் பற்றி நடந்த வாக்குவாதத்தையும் சொல்ல வேண்டும். கூழைக்கடா மீன் தின்பது தொழிலுக்கு இடைஞ்சல்தான் என்று மீனவர் ஒருவர் நேராகவே சொன்னார். பறவைகளைக் காப்பதைப் பற்றி வெளியிலிருந்து வருபவர்கள் பேசுகிறார்கள், ஆலைக் கழிவையும் முகத்துவாரம் அடைபடுவதையும் பற்றிப் பேசுவதில்லை என்றும் சொன்னார். நகரத்திலிருந்து வந்திருந்த பெற்றோர் சிலர் முகம் சுளித்தார்கள். நடத்துபவர்கள் பேச்சை மாற்றாமல், அவர் சொன்னதைப் பிள்ளைகள் படமாகப் போடும்படி விட்டுவிட்டார்கள். ஒரு சிறுவன், வலைக்குள் மீனும் வலைக்கு வெளியே கூழைக்கடாவும் அதற்கும் வெளியே புகைபோக்கியும் வரைந்திருந்தான். கரையில் கிடக்கும் அறுந்த தங்கூசி (நைலான் இழை) வலைகளில் பறவைகளின் கால் சிக்குவதையும் அதே மீனவர்தான் காட்டினார்; பிள்ளைகள் அந்த வலைத்துண்டுகளைப் பொறுக்கி, அவற்றையே ஒட்டிப் பெரிய கூழைக்கடா ஒன்றைச் செய்தார்கள். இப்படிப்பட்ட நேர்மை பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளில் அரிது.

இனிக் குறைகள். கையில் தரும் சிறு கையேடு சரியில்லை. படங்கள் மங்கலான நகல். தமிழ் நடை அரசாணை போன்றது. பெரியவர்கள் கரையில் சொன்ன செய்திகளில் ஒன்றுகூட அதில் இல்லை. தொலைநோக்கிகள் போதாமல், சிறு பிள்ளைகளின் முறை வருவதற்குள் பறவை பறந்துவிடுகிறது. கார்த்திகையில் மழையால் வகுப்புகள் நின்றுபோனால் அதற்கு ஈடாக வேறு நாள் வைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் மழை பெய்யும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. தடா, சூளூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் தெலுங்கு வழியில் படிப்பவர்கள். நன்றாகப் பேசுவார்கள், தமிழ் எழுத்து தடுமாறும். அவர்களுக்கென்று கையேட்டில் தெலுங்கு எழுத்திலும் பெயர்களைப் போட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இதைவிடப் பெரிய குறை, வகுப்பு மாசியோடு முடிந்துவிடுவது. பங்குனிக்குப் பிறகு ஏரியில் பறவையே இல்லை என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் தங்கிவிடுகிறது. கோடையில்தான் ஆட்காட்டியும் பவளக்கால் உள்ளானும் கரையோரத்தில், வெறுந்தரையிலோ அதற்கு ஒப்பான எளிய கூட்டிலோ முட்டையிடுகின்றன. மண்ணோடு மண்ணாகத் தெரியும் ஆட்காட்டி முட்டையை வரைவதைவிட நல்ல ஓவியப் பயிற்சி எதுவும் இருக்க முடியாது. தூரத்தில் நின்று, தாய்ப்பறவை கத்தி எழும்பாதபடி பார்க்க வேண்டும் என்ற ஒழுக்கத்தையும் சேர்த்துக் கற்கலாம். வெயில் கடுமை என்பது உண்மைதான். விடியற்காலையில் ஒரு மணி நேரம் போதும். மாதச் சக்கரத்தில் சித்திரையும் வைகாசியும் வெள்ளையாகவே விடப்பட்டிருந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது.

பருவத்தில் ஒருமுறை சூளூர்பேட்டைக்கு அழைத்துப்போகிறார்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரிக்குக் குறுக்கே செல்வதால், பறவைகளை மிக அருகில் பார்க்க முடிகிறது. ஆனால் அந்தச் சாலையில் வண்டிகள் விரைவாகப் போகும். பிள்ளைகளை ஓரத்தில் வரிசையாக உட்காரவைத்து வரையச் செய்வது எனக்கு ஒப்புதலாக இல்லை. பாதி வழியில், சாலையிலிருந்து விலகிய மேட்டில் உட்காரவைத்தபோதுதான் நிம்மதி. படகில் ஏற்றுவார்களா என்று கேட்பவர்களுக்கு: ஏற்றமாட்டார்கள். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதை மறக்காதவர்கள் நடத்தும் வகுப்பு இது. கரையில் யாராவது சவாரிக்குக் கூப்பிட்டாலும் பெற்றோர் போக வேண்டாம்.

கட்டணம் பருவத்துக்கு 600 ரூபாய்; மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இல்லை. பெரியவர்களுக்கும் ஓலைப் பெண்களுக்கும் வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதாகச் சொன்னார்கள். ‘சேவை’ என்று சொல்லி அவர்களின் நேரத்தை இலவசமாக வாங்காதது சரியான செயல். தாளும் கரியும் அங்கேயே கிடைக்கும். தண்ணீர், தொப்பி, சேற்றில் கழற்றிவிடக்கூடிய செருப்பு ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். கழிப்பறைக்கு அருகிலுள்ள வீடுகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பெண்பிள்ளைகளை அனுப்புபவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பொன்னேரி வரை மின்ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு போகலாம். ஆந்திரப் பக்கத்திலிருந்து வருபவர்களும் சூளூர்பேட்டை ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்குவதே எளிது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து குறைவு, ஆகவே ஏழு மணி வகுப்புக்கு முதல் வண்டியைத் தவறவிடக் கூடாது.

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களைத்தான் சேர்க்கிறார்கள்; ஆனால் பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நிழலுரு வரையும் முதல் வாரங்கள் சலிப்பாகவே இருக்கும். பத்து முதல் பதினான்கு வரை உள்ளவர்களுக்கு மிகவும் பொருத்தம். தமிழகத்தில் 2015 முதல் ஜனவரி நடுவில் நடந்துவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் இந்தப் பிள்ளைகள் தங்கள் நோட்டோடு கலந்துகொள்கிறார்கள். வீட்டுக் கொல்லையிலும் தெருமுனைக் குட்டையிலும் எண்ணிப் பதிவுசெய்ய அப்போதுதான் என் மகளுக்கும் துணிவு வந்தது. இடம் குறைவு என்பதால், சேர்க்க விரும்புபவர்கள் ஐப்பசிக்குள் நேரில் போய்ப் பெயர் கொடுத்துவிட வேண்டும். தொலைபேசியில் பதிவு செய்வதில்லை. போகும்போது கோடை வகுப்பைப் பற்றியும் கேளுங்கள். பத்துப் பெற்றோர் கேட்டால் தொடங்கிவிடுவோம் என்று போன மாசியிலேயே சொன்னார்கள்.